வெள்ளை ஹெல்மெட்

சாயங்கால பஸ்ஸில் அவர் பெரும்பாலும் என் பக்கத்தில் உட்காருவார். துறைமுகத்தில் இன்ஜினியர்கள் போடும் வெள்ளை ஹெல்மெட்டை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வருவார். அவர் ஊரான முத்தையாபுரம் வந்ததும் அதை மாட்டிக்கொண்டுதான் இறங்குவார்.

எம்.இ. முடித்தவர் என்று அவரே சொல்லியிருந்ததால், பி.இ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த நான் ஒருநாள் கேட்டேன். "அண்ணாச்சி, எம்.இ.க்கு தெர்மல் எடுக்கவா, டிசைன் எடுக்கவா? எதுல வேலை கிடைக்கும்?"

"எத வேணா எடுங்க தம்பி. வெள்ளை ஹெல்மெட்ட மட்டும் நீங்களே கடையில வாங்கிக்கிடுங்க."

கிண்டல் பண்ணுகிறார் என்று எரிச்சலாக வந்தது.

அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து துறைமுகம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். நிலக்கரிக் குவியலில் கூலியாட்களின் மஞ்சள் ஹெல்மெட்டோடு அவர் மண்வெட்டி பிடித்து நின்றார்.

சாயங்காலம் பஸ்ஸில் வழக்கம்போல வெள்ளை ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எம்.இ.யில் நீங்கள் என்ன எடுத்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.

கேட்டு என்னத்தைக் கிழிக்க?