பச்சைக் காய் போடாத கைகள்

ஐஸ்வர்யா பிறந்ததும் போட்ட சத்தத்தில் மலை அடிவாரத்தில் பஸ் நின்றுவிட்டது. நம்பாதவர்கள் டிரைவரைக் கேட்டுக்கொள்ளலாம். மாரமங்கலத்தில் காப்பிப் பழம் பறிக்கும் கண்ணாயியின் மகள் அவள். இன்று அம்மா வேலை செய்யும் எஸ்டேட்டிலேயே தொழிலாளர் நல அலுவலர். இதில் கலப்படமே இல்லை.

வேலை செய்யும் இடம் எப்படி இருக்கிறது என்று ஆட்கள் நினைப்பதை அளந்து சொல்லும்படி மானேஜர் சந்திரசேகர் கேட்டார். மேஸ்திரி சின்னையன் பெண்களை வாய்க்கு வந்தபடி ஏசுவது அவளுக்குத் தெரியும். அதை அவர்களே சொன்னால்தான் மானேஜர் அசைவார். நேரில் கேட்டால் எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்: "நொம்ப நல்லாருக்குதுங்க."

அதனால் யார் என்ன சொன்னார் என்று தெரியாதபடி ஒரு மறைப்புக் கட்டி, உள்ளே ஒரு பறிப்புப் பையைத் தொங்கவிட்டாள். மேஸ்திரி மரியாதையாக நடத்தினால் சிவந்த பழம் போடுங்கள், இல்லையென்றால் பச்சைக் காய் போடுங்கள் என்றாள்.

கொட்டிப் பார்த்தால் பை முழுக்கச் சிவப்பு.

"பாத்தியாம்மா, நம்ம எஸ்டேட்டு சொர்க்கம்!" என்று மானேஜர் சிரித்தார்.

ஐஸ்வர்யா வீட்டுக்குப் போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, அந்தாளு ஏசுனான்னு நேத்து அழுத. நீயுமா பழம் போட்ட?"

"பின்ன? பையில பச்சக் காயப் போடக் கை வருமா கண்ணு? ஒரு காய் கலந்தாலும் ஏச்சு வாங்குன கையாச்சே!"

"அது எடைக்குப் போற பை இல்லம்மா!"

"கைக்கு அது தெரியுமா? படிச்சவ நீதான் ரோசன பண்ணோணும்."

ஐஸ்வர்யா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் மறைப்புக்குள் பையும் இல்லை, பழமும் இல்லை. இரண்டு மண்பானைகள். நல்லதென்றால் வலப்பக்கப் பானையில் கூழாங்கல், இல்லையென்றால் இடப்பக்கம்.

இடப்பக்கப் பானையை எட்டுப் பேர் தூக்கி வந்தார்கள். இரண்டே பேர்தான் என்று ஐஸ்வர்யா சாதிப்பாள். அவளுக்கு எதையும் குறைத்துச் சொல்லும் பழக்கம்.

"நேத்து நல்லாருக்குன்னாங்களே?" என்றார் மானேஜர்.

"நேத்து நான் கேட்ட விதம் தப்புங்க சார். இதுதான் அவங்க பதில்."

அவர் பானைக்குள் கையை விட்டு ஒரு பிடி கல்லை அள்ளிப் பார்த்தார். பிறகு சின்னையனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

அடுத்த நாள் காலை ஆள் கூப்பிடும்போது சின்னையன் தொண்டையைச் செருமினார். "ஏனுங்க கண்ணாயி, மேக்காட்டுக்குப் பழம் பறிக்கப் போறீங்களா?"

யாரைச் சொல்கிறார் என்று கண்ணாயி பின்னால் திரும்பிப் பார்த்தாள். பெண்கள் சிரித்த சிரிப்பு சேர்வராயன் கோயில் குகைக்குள் போய் எதிரொலித்தது.

"போறனுங்க," என்று பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலை நிமிர்ந்து நடந்தாள் கண்ணாயி. "எம்மவ ஆபீசரு" என்று வழியெல்லாம் காப்பிச் செடிகளிடமும் சொல்லிக்கொண்டே போனாள்.