பதிலுக்குக் காத்திருந்த பிரிண்டர்

பழைய கம்ப்யூட்டர் சர்வரைக் கட்டிக்கொண்டு தொழில் நடத்துகிறவனுக்குச் சரக்கு வாங்குகிறவர் தயவைவிட, போனில் உதவுகிறவர் தயவுதான் முக்கியம். அப்படி உதவ வந்தவரிடமே கத்தித் தீர்த்தவன் நான். நீங்களும் அந்த ஜாதியென்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

மூட்டை தூக்கி, தரகு பார்த்து, ஹெப்பகோடி தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் குடோன் போட்டவன் நான். சரக்கு, விலை, லேபிள் எல்லாம் ஒரே கறுப்பு சர்வரில். பக்கத்துத் தொழிற்சாலைதான் என் பெரிய வாடிக்கை. லேபிள் ஒட்டாத பெட்டியை கேட்டுக்குள் விடமாட்டார்கள். மூன்று தடவை தாமதமானால் ஆர்டர் வேறு ஆளுக்கு. சர்வர் படுத்தால், வருஷ ஒப்பந்தத்தில் அதைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியின் அல்சூர் ஆபீசில் இருக்கும் ஸ்டெல்லா மேடத்துக்குத்தான் போன் அடிப்பேன்.

கேள்வி கேட்ட மெஷின்

ஒரு நாள் லேபிள் ஒன்றுகூட வரவில்லை. பிரிண்டரைத் தட்டினேன், திட்டினேன், ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். பிறகு ஸ்டெல்லாவைப் பிடித்து, "வருஷா வருஷம் உங்களுக்கு எதுக்கும்மா பணம் அழறேன்?" என்று ஆரம்பித்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "திரையில ஏதாவது கேள்வி நிக்குதா சார்?" என்றார்.

நின்றது. லேபிள் தாள் மாட்டியாச்சா? ஓட்டலாம் என்றால் 'ஜி', வேண்டாமென்றால் 'சி'. ஸ்டோர் பார்க்கும் மஞ்சுநாத் அதை எட்டு மணிக்கே பார்த்திருக்கிறான். ஆனால் என் குடோனில் ஒரு சட்டம்: யார் என்ன கேட்டாலும் என்னைக் கேட்காமல் பதில் சொல்லக் கூடாது. பேரத்தில் முதலில் வாய் திறந்து நான் பட்ட அடி அப்படி. "மெஷினுக்கும் அதே ரூல்னு நினைச்சேன் யஜமான்ரே," என்றான். 'ஜி' அழுத்தியதும் லேபிள் கொட்டியது. வண்டி மட்டும் தாமதம். ஒரு தடவை போச்சு. ஸ்டெல்லா சொன்னார்: "ரிப்பேர் ஒண்ணுமில்ல சார். காலையிலிருந்து உங்க பதிலுக்குக் காத்துட்டிருக்கு. உங்களைவிட அதுக்குப் பொறுமை ஜாஸ்தி."

யார் அந்த முட்டாள்?

அடுத்த மாதம் பில் போட முடியவில்லை. ஸ்டெல்லா அங்கிருந்தபடியே எங்கள் சர்வருக்குள் நுழைந்து பார்த்தார். விலைப் பட்டியலைத் திருத்துவதற்காக யாரோ திறந்து, மூடாமல் எழுந்து போயிருக்கிறார்கள். அதனால் மற்றவர்களுக்கு அது பூட்டிக்கொண்டது என்றார். இரண்டாவது தடவையும் வண்டி நின்றுவிட்டது. ஆறு பேர் சுற்றி நிற்க, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துக் குதித்தேன்: "எந்த முட்டாள்? பேரைச் சொல்லும்மா, இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன்!" ஸ்டெல்லா சொன்னார்: "முதல்ல ஸ்பீக்கரை ஆஃப் பண்ணுங்க சார்."

இலவச ஃபிட்டிங்

அந்த முட்டாள் யாரென்று இன்றுவரை குடோனில் ஒருவருக்கும் தெரியாது. நான் வெளியே போகும்போது யாரும் விலையில் கை வைக்கக் கூடாதென்று, பட்டியலைத் திறந்தபடியே விட்டு நானே செய்த தந்திரம் அது. ஸ்டெல்லா வாய் திறக்கவில்லை.

பிறகு வந்ததுதான் கடைசித் தடவை. இதில் தவறினால் ஆர்டர் இல்லை, ஆறு பேருக்கு வேலையும் இல்லை. இரண்டு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். பிரிண்டர் நாலு லேபிள் அடிக்கும், சர்வர் கண்ணில் படாமல் போகும், மறுபடி வரும். "இன்னிக்குப் புதுசா என்ன வாங்கினீங்க?" என்றார் ஸ்டெல்லா. "பிரிண்டரைக் கேட்டா கடைக்கணக்கு கேக்கறீங்களே!" என்று எகிறினேன். மஞ்சுநாத் குறுக்கே வந்து, "விரல் வைக்கிற வருகை மெஷின் மேடம், ஃபிட்டிங் ஃப்ரீ," என்றான். பேரம் பேசி நான்தான் அதை ஃப்ரீ ஆக்கியிருந்தேன். மாட்டியவன் அதற்கு பிரிண்டரின் நெட்வொர்க் நம்பரையே கொடுத்துவிட்டான். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. அதன் ஒயரை உருவியதும் லேபிள் சரசரவென்று வந்தது. ஒன்றே முக்காலுக்கு வண்டி கிளம்பியது. போனில் ஸ்டெல்லா சொன்னார்: "ஆளை ஃப்ரீயா கூப்பிட்டீங்க, அவரும் நம்பரை ஃப்ரீயா எடுத்துக்கிட்டார் சார்."

மௌனம்

வருஷக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்க ஸ்டெல்லா கூப்பிட்டார். போன வருஷத்தைவிடக் கூடுதலாக ஒரு தொகை சொன்னார். நான் பழக்கப்படி வாயை மூடிக்கொண்டேன். எதிராளி தாங்காமல் தானே குறைப்பான். அவர் குறைக்கவில்லை. நானும் பேசவில்லை. ஃபேன் சுற்றுகிறது, மஞ்சுநாத் என் முகத்தையே பார்க்கிறான். கடைசியில் அந்தப் பக்கத்திலிருந்து, குரலை ஒரு துளி உயர்த்தாமல்: "சார், கேள்வி திரையில நிக்குது. ஜியா, சியா?"

'ஜி' என்று சொல்லிவிட்டேன். இப்படி அடியோடு தோற்றும் கோபம் மட்டும் வரமாட்டேன் என்கிறது, இந்த ரிப்பேரைச் சொல்ல யாருக்குப் போன் போடுவது என்றுதான் தெரியவில்லை.