டிக்கிக்குள் கேட்ட கார் பேச்சு

கார் மெக்கானிக் வேலையில் கை கறுத்துப்போகும் என்று எல்லாரும் சொன்னார்கள். முகம் வெளுத்துப்போகும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டதும் ஆளே மாறிப்போகிற மாமாவோ சித்தப்பாவோ உங்கள் வீட்டிலும் இருந்தால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

காது வேலை

பத்தாவது முடித்த கையோடு திண்டிவனத்தில் பழனி அண்ணன் ஷெட்டில் சேர்ந்தேன். ஸ்பேனரைப் பிடிப்பதற்கு முன்பே அண்ணன் குரலைப் பிடித்துவிட்டேன். அவர் மாதிரியே மூக்கால் இழுத்து, "டேய், யார்ரா ஜாக்கிய எடுத்தது?" என்பேன், ஷெட்டே எழுந்து நிற்கும். வண்டிகளையும் விடவில்லை. ஃபேன் பெல்ட் கீச்சிடுவது, பிரேக் கரகரப்பது, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் முனகுவது, எல்லாம் வாயிலேயே வரும்.

ஒருநாள் அண்ணனுக்குப் பின்னால் நின்றுகொண்டு அண்ணனாகவே பேசி மாட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடினேன். அதைவிட மோசம், பதவி உயர்வு கொடுத்தார். பின்பக்கம் எங்கிருந்தோ சத்தம் வருகிறது என்று வண்டி வந்தால், நான் டிக்கிக்குள் படுத்து, சக்கரத்துப் பக்கம் காதை வைத்துக்கொண்டே ஒரு சுற்று போய்வர வேண்டும். வந்து அந்தச் சத்தத்தை அப்படியே போட்டுக் காட்டினால் அண்ணன் நோயைச் சொல்லிவிடுவார். மூச்சுவிட இடுக்கு வைத்து, டிக்கி மூடியைக் கயிற்றால் கட்டுவார்கள். உள்ளிருந்து தட்டினால் நிறுத்த வேண்டும். "வழியில எனக்கு எதுனா ஆயிட்டா அண்ணே?" என்று கேட்டேன். "காது ரெண்டும் பத்திரம்டா, மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

சமையல் வாசனை

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து ஒரு சார் வருவார். பெட்ரோல் விலை ஏறினால் அவருக்குப் பிரஷரும் ஏறும். இறக்கம் வந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டு வண்டியை உருட்டுகிற ரகம். அவர் டிக்கியில் ஏறிப் படுத்தேன், கயிறு கட்டினார்கள், வண்டி கிளம்பியது. முதுகில் சில்லென்று ஏதோ இடித்தது. இருட்டில் தடவினேன். எங்கள் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற அதே உருளை, அதன் தலையில் அதே ரெகுலேட்டர். மனுஷன் சமையல் கேஸில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறார்!

பள்ளத்துக்குப் பள்ளம் சிலிண்டர் என் மேல் சாய்ந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு, போதாதென்று எதிர்வீட்டு மாதாவையும் கூப்பிட்டேன். முன்னால் சார் சர்க்காரைத் திட்டிக்கொண்டே வந்தார். நடுவில் தீக்குச்சி உரசும் சத்தம். "சார், சிலிண்டர் சார்! சிகரெட்ட அணைங்க சார்!" என்று அலறினேன். சார் நிதானமாகச் சொன்னார்: "ஏன் தம்பி பேஜாரு பண்ற? அது பாதி காலிதான்."

ரெண்டு கதவு

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த லூர்து அண்ணனின் சிவப்பு வண்டிதான் என் ஆயுளில் பாதியை எடுத்துக்கொண்டது. இரண்டே கதவு, வால் மாதிரி ஒரு தகடு, ஊரை எழுப்பும் சைலன்சர். புதிதாகப் பளபளவென்று நாலு சக்கரம் வாங்கியிருந்தார். மெக்கானிக் கை பட்டால் கீறல் விழும் என்று வீட்டில் தானே மாட்டிக்கொண்டார், அதற்குப் பொருந்தாத பழைய நட்டுகளைப் போட்டு. மறுவாரமே பின்னால் சத்தம் என்று வந்து நின்றார்.

சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கலாம் என்று பழனி அண்ணன் ஸ்பேனரை எடுத்ததும் லூர்து அண்ணன் குறுக்கே பாய்ந்தார். "பையன போட்டு சத்தத்த மட்டும் கேளு!" டிக்கிக்குக் கயிறு கட்டவும் விடவில்லை, பெயின்ட் போய்விடுமாம். படார் என்று மூடினார். கும்மிருட்டு. மூச்சை எண்ணி எண்ணி விட ஆரம்பித்தேன். "அண்ணே, இடம் பத்தல!" என்று கத்தினேன். வெளியிலிருந்து லூர்து அண்ணனின் பதில் வந்தது: "ஸ்போர்ட்ஸ் காருன்னா அப்படித்தான்டா இருக்கும், படுத்துக்கினு தூங்கறதுக்கு அது என்ன ஆம்னி பஸ்ஸா?"

ஆகாய வரி

பழனி அண்ணன் வரவில்லை. முன்சீட்டில் லூர்து அண்ணனோடு அவர் மச்சான் பீட்டர் ஏறினார், குவைத்திலிருந்து லீவில் வந்தவர். விழுப்புரம் ரோட்டில் ஏறியதுமே சண்டை. "ஒரு ஃப்ளைட்டு எவ்ளோ எண்ணெய குடிக்குது? அதுக்குப் போடுங்கடா வரிய! ரோட்டுல போறவன் பெட்ரோல்ல ஏன்டா கை வக்கிறீங்க?" என்றார் லூர்து அண்ணன். "ரெண்டு வருசத்துக்கு ஒருவாட்டி பெத்தவள பாக்க வர்றேன் மாமா. என்கிட்ட புடுங்கி உங்க சைலன்சருக்கு ஊத்தணுமா?" என்றார் பீட்டர்.

கூட்டேரிப்பட்டு தாண்டியிருக்கும். என் காதுக்கு ஒரு சாண் தள்ளி டொக், டொக். பிறகு கடகட. கரும்பு டிரெய்லர் ஒன்று சக்கரம் கழன்று ஏரிக்கரையில் இறங்குவதற்கு முன் இதே தாளம்தான் போட்டது. நட்டு கழன்றுகொண்டிருக்கிறது! இரண்டு கையாலும் தட்டினேன். லூர்து அண்ணன் குஷியாகிவிட்டார். "கேக்குதா மச்சான்? இதான் அந்த சத்தம்! இரு, இன்னும் மிதிக்கிறேன், பையனுக்கு நல்லா கேக்கட்டும்." நான் தட்டத் தட்ட அவர் மிதித்தார். "நிறுத்துங்கண்ணே, சக்கரம்!" என்று கத்தினேன். "பையன் ஏதோ சொல்றான் மாமா." "புதுசுல பயந்துக்கினுதான் இருப்பானுங்க, வுடு."

கடைசியாக, பின்சீட்டுக்குப் பின்னாலிருந்த ஸ்பீக்கர் ஓட்டையில் வாயை வைத்து, உயிரையெல்லாம் திரட்டி ஒரு போலீஸ் சைரன் போட்டேன். பின்னாலேயே மைக் கரகரப்போடு, "ஏய் செவப்பு வண்டி! ஓரங்கட்றா! லைசென்ஸ எட்றா!" வண்டி பூப்போல ஓரம் போய் நின்றது. லூர்து அண்ணன் கையில் காகிதங்களோடு இறங்கி, ரோட்டில் போலீஸைத் தேடினார். பீட்டர் டிக்கியைத் திறந்தார். நான் சக்கரத்தைக் காட்டினேன். இரண்டு நட்டைக் காணோம். மூன்றாவது பீட்டர் தொட்டதும் கையோடு வந்தது. அதை லூர்து அண்ணன் உள்ளங்கையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஃப்ளைட்டுக்கு நீங்க எவ்ளோ வேணா வரி போடுங்க மாமா, நான் கட்டிடறேன், சக்கரத்துல மட்டும் இனிமே கை வக்காதீங்க."

டிக்கியில் படுத்து நான் படித்த படிப்பு இவ்வளவுதான்: கார் பைத்தியங்களுக்குச் சாவு என்றால் சிரிப்பு, போலீஸ் என்றால்தான் உயிர்பயம்.