சென்றாயன் கொடுத்த பிடிமண்

மலைமேல் குண்டனி நாட்டில், பெரியசாமி என்னும் தெய்வத்தின் சோலையை ஒட்டித்தான் சென்றாயனின் சாமைக் காடு. சோலைக்குள் சருகு கூட்டுவதும் சாமியாக நிற்கும் கல்லுக்கு விளக்குப் போடுவதும் அவன் வம்சத்து வேலை. நாற்பது வயதுவரை ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஆனால் சாமி அவன்மேல் ஒருமுறைகூட இறங்கியதில்லை. அந்தக் கல்லின் முன்னால் அவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை.

அடிவாரத்து விவசாயி சுப்பண்ணனுக்கோ, ஆடிக்கு ஒருமுறை மலையேறி வந்து கல்லைப் பார்த்ததுமே உடம்பு நடுங்கும், கண் பொழியும்.

"பக்தின்னா அதுதான் பக்தி" என்று சென்றாயனின் மனைவி பாப்பாயியே சொல்வாள்.

"வருசத்துக்கு ஒருநா வர்றவனுக்கு அழுவறதுக்கு என்ன கேடு? தெனமும் சருகு கூட்டிப் பாக்கச் சொல்லு" என்பான். சொல்லிவிட்டாலும் அன்று அவனுக்குச் சோறு இறங்காது.

ஈசுவர வருஷத்து ஆடியில் சுப்பண்ணன் பிடிமண் கேட்டார். சோலை மண்ணில் ஒரு பிடியைக் கொண்டுபோய்த் தன் நிலத்தில் வைத்தால் சாமி அங்கேயும் குடியேறும். அதை அள்ளிக் கொடுக்கும் உரிமை சென்றாயனுக்கு மட்டுமே உண்டு.

'கண்ணீர் போதாதென்று சாமியையே கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறானா?'

சென்றாயன் சோலைக்குள் நுழைந்து, பின்பக்கமாக இறங்கி, தன் காட்டு மண்ணில் ஒரு பிடி அள்ளி மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தான்.

மறு ஆடியில் சுப்பண்ணன் வாழைத்தாரோடு வந்தார். "ஏனுங்க பூசாரி, சாமி வந்துட்டாருங்க! மண்ணை வெச்ச அன்னிக்கே என் மருமவ மேல எறங்கி, 'மலையில இருந்து வந்திருக்கேன்'னு வாய்விட்டுச் சொன்னாருங்க!"

சென்றாயன் வாழைத்தாரை வாங்கவில்லை. ஏமாற்றிக் கொடுத்த மண்ணுக்கு உள்ள பாக்கியம்கூடத் தனக்கு இல்லையா? அந்த முகத்து வெளிச்சத்தை அணைத்தே ஆகவேண்டும் போலிருந்தது.

"அது சோலை மண்ணு இல்லீங்க. என்ற காட்டு மண்ணு. வேணும்னேதான் குடுத்தேன்."

கைநீட்டி அடிப்பார் என்று எதிர்பார்த்தான். சுப்பண்ணன் வாழைத்தாரைக் கீழே வைத்தார். பிறகு, "எந்த எடத்துலீங்க அள்ளுனீங்க?" என்றார்.

சென்றாயன் கையைக் காட்டினான்.

சுப்பண்ணன் வரப்பில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாலு விரல் உயரம் முளைத்திருந்த சாமைக்குள் இறங்கி, அந்த இடத்தில் குப்புற விழுந்தார். தோள்கள் குலுங்கின. சென்றாயன் பிறந்ததிலிருந்து மிதித்த மண். களை பிடுங்கியிருக்கிறான், வெற்றிலை எச்சில் துப்பியிருக்கிறான். ஒருநாளும் குனிந்து கும்பிட்டதில்லை.

தானும் பக்கத்தில் விழுந்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. முழங்கால் மடங்கவில்லை.

"எந்திரிங்க," என்றான். "சாமை மிதிபடுது."