ஓட்டுநரில்லாப் பேருந்தும் ஊர்வேயின் வாயும்

எங்கள் மெட்சாகூலா கிராமத்தில் முடி வெட்டுகிறவள் ஊர்வே. ஊருக்கு வந்துகொண்டிருந்த பேருந்து ஓட்டுநர் கிடைக்காமல் நின்றுபோனதும், தானாக ஓடும் வண்டியை இங்கே சோதித்துப் பாருங்கள் என்று நகராட்சியை நச்சரித்தவள் அவள்தான்.

"காட்டுமான் குறுக்க வந்தா அது ஒதுங்கிப் போகுமா?" என்று ஹெய்னோ கிழவர் சீண்டினார்.

"யோவ், உருளைக்கிழங்கு வயல்ல டிராக்டரைக் கவுத்தவன் நீ. உன்னைவிட நல்லாவே ஓட்டும்" என்றாள் ஊர்வே.

குளிர்காலத்தில் வண்டி வந்தது. ஊரே கைதட்டியது. ஆனால் ஊன்றுகோலோடு ஹெய்னோ மெல்ல ஏறும்போதே கதவு மூடி, அவரைப் பனியில் தள்ளிவிட்டுப் போய்விட்டது. அடிபடவில்லை. வெளியே சொன்னால் வண்டி போய்விடுமே என்று எல்லோரும் மூடி மறைத்தோம்.

வண்டிக்காக நகராட்சி நடத்திய பாராட்டுக் கூட்டத்தில் ஊர்வே எழுந்தாள்.

"நல்ல வண்டிதான். ஆனா மெதுவா ஏறுறவங்களுக்காக நிக்கத் தெரியல. ஹெய்னோ பனியில கிடந்தான்."

நகராட்சித் தலைவி திகைத்தார். "வண்டி வேணும்னு கேட்டதே நீங்கதானே, ஊர்வே?"

"வேணாம்னா வீட்ல உக்காந்து காபி குடிச்சிருப்பேன். வேணும், அதான் சொல்றேன்."

மறுநாளே வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். ஊர் கொதித்தது. ஆண்கள் தோள்வரை முடி வளர்த்தாலும் வளர்ப்போம், அவள் கடைக்குப் போகமாட்டோம் என்றார்கள். தலையில் ஒரு முடிகூட இல்லாத ஹெய்னோ மட்டும் தினமும் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஊர்வே அழவுமில்லை, சொன்னதை மாற்றவுமில்லை.

பனி உருகியபோது, வண்டியைச் செய்த பொறியாளர் கார்ல் ஒயாவேர் ஊர்வேயின் கடைக்கே வந்தார்.

"கதவைச் சரிபண்ணிட்டோம். வந்து இன்னும் என்னென்ன குறைன்னு பாருங்க. மத்த ஊர்லயெல்லாம் 'பிரமாதம்'னுதான் சொன்னாங்க. அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அன்று முழுக்க அவள் தள்ளுவண்டியில் வைத்த குழந்தையோடும், விறகுக் கட்டோடும், ஹெய்னோவோடும் ஏறி இறங்கினாள். இன்னும் இரண்டு குறை கண்டுபிடித்தாள். கார்ல் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். கோடைக்குள் அவற்றையும் திருத்திவிட்டார்கள்.

இப்போது அந்த வண்டி பல ஊர்களில் ஓடுகிறது. ஊன்றுகோல் வைத்திருப்பவர் ஏறி உட்காரும்வரை எல்லா இடத்திலும் காத்து நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் வியந்தால், அன்று அவள் கடைப் பக்கமே போகாதவர்கள்தான் முதலில் நெஞ்சை நிமிர்த்துகிறார்கள்:

"எங்க ஊர்வே சொல்லித்தானுங்க அது நிக்கக் கத்துக்கிச்சு!"