கதவுக் கண்ணாடியில் ராய்னா

ஓவியர் மெத்தோதி தோபேவின் கண்காட்சிப் பட்டியல் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். 1962, பல்கேரியாவின் ரூசே துறைமுகத் தொழிலாளர் மன்றம். பிறகு இருபத்தாறு வருடம், ஆண்டுப் பொதுக் கண்காட்சிகளில் ஒரு படமோ இரண்டோ. பெரும்பாலும் மாடிப்படித் திருப்பத்தில். தொண்ணூறுக்குப் பிறகு, கண்ணால் பார்த்ததை அப்படியே வரைகிறவரை யாரும் கூப்பிடவில்லை. தனிக் கண்காட்சி என்ற தலைப்பின் கீழே ஒன்றும் இல்லை.

அந்த முதல் கண்காட்சியில்தான் ராய்னா வந்தாள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவள். அவருடைய துறைமுகப் படத்தின் முன்னால் நின்று சிரித்தாளாம்.

"கொக்கியை இப்படி மாட்டினா கீழ நிக்கிறவன் காலி. நீ துறைமுகத்துக்கு வந்திருக்கியா, இல்ல தபால் கார்டைப் பாத்து வரைஞ்சியா?"

அவர் படத்தைக் கழற்றிக்கொண்டு போய்த் திருத்தினார். அடுத்த வருடம் கல்யாணம்.

நான் அவர்களுக்குக் கீழ் வீடு. அவருடைய அச்சு உருளை முப்பது வருடம் என் தலைக்கு மேல் ஓடியது.

கடைசியாக ராய்னாவைச் செப்புத் தகட்டில் வரைந்தார். சுட்ட மிளகாயின் தோலை உரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறாள். ஊசியால் நேராகச் செம்பைக் கீறுகிற வேலை அது. கீறலின் ஓரத்தில் எழும் பிசிறுதான் மையைப் பிடிக்கும். தாளுக்குத் தாள் உருளை அந்தப் பிசிறை நசுக்கிவிடும். இருபது தாண்டினால் முகம் வெளுத்துவிடும்.

2003 அக்டோபரில் அவள் இறந்தாள். சுவரில் ஒட்டும் நாற்பதாம் நாள் நினைவு அறிவிப்புக்கு எல்லோரும் புகைப்படம் போடுவார்கள். அவர் தகட்டையே அச்சடித்து, அடியில் பெயரும் தேதியும் எழுதினார். பதினாறு தாள். ஆறாம் மாதத்துக்கு இன்னும் ஆறு. ரொட்டிக்கடைச் சுவர், லிண்டன் மரங்கள், துறைமுகக் கதவு என்று ஊரெங்கும் ஒட்டினார். மழை எல்லாவற்றையும் கொண்டுபோயிற்று. எங்கள் கட்டடத்து வாசலில், கதவுக் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிய முதல் தாள் மட்டும் தப்பியது.

ஆகஸ்டில் கலைக்கூட இயக்குநர் லாஸோவ் வந்தவர், அந்தக் கதவருகிலேயே நின்றுவிட்டார். பிறகு மேலே ஏறினார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"முன் கூடம் முழுக்க உங்களுக்குத்தான். நடுச்சுவர்ல அந்தம்மா இருக்கணும். இல்லேன்னா கண்காட்சி வேண்டாம்."

"நல்ல தாள் ஒண்ணுகூட இல்லையே. தகடும் தேஞ்சுபோச்சு."

"கதவுல இருக்கே!"

"அது அவ வாசல் சார். செத்தவங்க தாளை நாங்க யாரும் கிழிக்க மாட்டோம்."

லாஸோவ் ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டுப் போனார். மெத்தோதிக்கு எழுபத்து நான்கு வயது.

"இந்தப் பிடிவாதத்துக்கு ராய்னா உங்களைக் கொக்கியில மாட்டியிருப்பா அண்ணே," என்றேன்.

"மாட்டியிருப்பா. சரியா மாட்டியிருப்பா."

மறுநாள் அவர் கல்லறைக்குப் போன நேரத்தில் கெண்டியில் வெந்நீர் வைத்துக் கீழே கொண்டுபோனேன். ஆவி காட்டி, மெல்லிய கத்தியால் தாளின் மூலையைக் கிளப்பினேன். மூலை வந்தது. நெற்றி வந்தது. பிறகு தாள் குறுக்கே பிளந்தது. கன்னம் கண்ணாடியிலேயே நின்றது. கண்கள் கத்தியோடு சுருண்டு வந்தன.

அவர் வரும்வரை அங்கேயே நின்றேன். கையிலிருந்ததைப் பார்த்தார்.

"பசை காய்ச்சினது நான்தான், ஸ்தான்கா. மாவு அதிகமாயிடுச்சு."

மேலே கூட்டிப்போனார். தகட்டில் மை தடவித் துடைத்தார். "சக்கரத்தைச் சுத்து," என்றார். சுற்றினேன். தாளைத் தூக்கினார். மிளகாய்க் கிண்ணத்தின் விளிம்பு இருந்தது. முகம் இருந்த இடத்தில் கண்ணாடியில் மூச்சு பட்டதுபோல ஒரு சாம்பல் நிறம். லாஸோவிடம் காட்டக்கூடிய தாள் அல்ல அது.

பெயரும் தேதியும் எழுதினார். கீழே போய்க் கன்னத்தை ஈரத்துணியால் துடைத்தெடுத்துவிட்டு, அதே இடத்தில் புதியதை ஒட்டினார். வெளியே போய்ப் பார்த்தார்.

"கண்ணு தெரியுதா பாரு. நான் கண்ணாடி போட்டுட்டு வரல."

கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

"தெரியுது அண்ணே," என்றேன்.