இலை வெட்டாத எறும்புகள்

பக்கத்துத் தோட்டத்து மாமரங்களில் இருந்த செவ்வெறும்புகளை மருந்தடித்துக் கொல்லச் சொன்னவன் நான். அது தவறு என்று ஒரே வாரத்தில் தெரிந்தது. தெரிந்தும் ஒரு வருடம் வாய் திறக்கவில்லை.

பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றபின் இண்டூரில் தோட்டத்தோடு வீடு வாங்கினேன். பொழுது போகப் படிப்பேன். ஒரு புத்தகத்தில் கும்பிடுபூச்சியையும் இலைவெட்டி எறும்பையும் ஒப்பிட்டிருந்தார்கள். முன்னது இலை போலவே அசையாதிருந்து இரை பிடிக்கும். பின்னது இலையைத் துண்டு போட்டுச் சுமந்துபோய், அதில் பூஞ்சை வளர்த்துத் தின்னும். அந்த வாரம்தான் பக்கத்துத் தோட்டத்து அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மரத்தடியெல்லாம் கத்தரித்துப் போட்ட மாந்தளிர். மேலே எறும்புக் கூடுகள்.

“எறும்புதாம்மா வெட்டுது.”

“எறும்பு இலையத் தைக்குமுங்க சார். வெட்டி நான் பாத்ததில்லீங்களே.”

“புத்தகத்துலயே போட்டிருக்கு.”

“அப்படீங்களா? படிச்சவங்க சொன்னா சரிதானுங்க.”

மறுநாள் காலை மருந்தடித்தார். அதற்கு முன் ஒரு கிளையில் இருந்த கும்பிடுபூச்சியை மட்டும் நான் எடுத்துவந்து என் மரத்தில் விட்டேன். சில நாள் கழித்து அதைத் தேடியபோதுதான், ஒரு கூன்வண்டு தளிரைக் காம்பருகே அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். புத்தகத்தை மறுபடி புரட்டினேன். இலைவெட்டி எறும்பு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு என்று அடுத்த பக்கத்திலேயே இருந்தது.

வண்டைப் பிடித்துத் தின்றுவந்த எறும்புகள் போன மரங்களில் வண்டு பெருகியது. அவர் மேலும் இரண்டு முறை மருந்தடித்தார். விளைச்சல் பாதிகூட இல்லை. வேலியோரம் அவர் தலை தெரிந்தால் நான் வீட்டுக்குள் போய்விடுவேன். கும்பிடுபூச்சி வயிற்றுக்காக ஒளிகிறது. நான் மானத்துக்காக ஒளிந்தேன். ஒளியத் தெரியாமல் கிளையெங்கும் ஓடித் திரிந்த எறும்புகள் பழியைச் சுமந்தன.

அடுத்த தளிர் வந்தபோது போய்ச் சொன்னேன்.

“அப்பவே சொல்லியிருந்தா மறுக்கா மருந்து அடிச்சிருக்க மாட்டனுங்களே சார்.”

அதியமான்கோட்டையில் தெரிந்தவர் தோப்பிலிருந்து, கையெல்லாம் கடி வாங்கி, இரண்டு மரத்துக் கூடுகளைச் சாக்கில் கொண்டுவந்து அவருடைய மரமொன்றில் கட்டினேன். வேறு வேறு கூட்டத்து எறும்புகள் சேராது என்பது எனக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் ஒன்றையொன்று கடித்துக் குதறி மரத்தடியில் செத்துக் கிடந்தன.

“இதுவும் புத்தகத்துல போட்டிருந்துச்சுங்களா?” என்றார்.

பிறகு அவரே எங்கிருந்தோ ஒரே கூட்டத்து எறும்புகளைக் கொண்டுவந்து விட்டார். இந்த வருடம் தளிர் நிற்கிறது. பார்த்தால், “சாப்பிட்டீங்களா சார்?” என்கிறார். மரத்தைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்பதில்லை.